நிரப்பளவுச் சோதனை குழப்பும்போது: அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

நிரப்பும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தராசு, ஒரு நோட்டு அல்லது கணினித் திரை. அரை மணிக்கொரு முறை ஐந்து பாக்கெட்டை எடுத்து எடை போடுகிறார்கள். எண் கொஞ்சம் பிசகினால் எல்லாருடைய கையும் முதலில் போவது அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குத்தான். ஆனால் நான் தேடிப் போன கோளாறுகளில் பல, இயந்திரத்தில் இருந்ததே இல்லை. எந்தப் பாக்கெட்டை எடுத்தார்கள், எப்படி எடை போட்டார்கள், எந்த எல்லையோடு ஒப்பிட்டார்கள் என்ற மூன்றில் ஒன்றில்தான் இருந்தன. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் மாதிரியைச் சந்தேகப்படுகிறேன், அப்புறம் தராசை, கடைசியில்தான் இயந்திரத்தை.

பேச்சு வசதிக்கு ஒரு லைனை வைத்துக்கொள்வோம். உறையில் 500 கிராம் என்று அச்சிட்ட தூள் பாக்கெட். எட்டு நாஸில் (தூள் கொட்டும் வாய்) கொண்ட சுழல் இயந்திரம். இலக்கு 503 கிராம். ஒரே நாஸிலில் வரும் பாக்கெட்டுகளின் திட்டவிலக்கம் (எடைகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 2 கிராம்.

தொடங்கும் முன் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. சோதனைக்கல்லைத் தராசுத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். எண் இடத்துக்கு இடம் மாறினால் மேலே படிக்க வேண்டாம், தராசைச் சரி செய்யுங்கள்.

## சராசரி சரியாக இருக்கிறது, ஆனாலும் எடை குறைவு என்று புகார் வருகிறது

நோட்டில் எல்லாச் சராசரியும் 503-ஐச் சுற்றியே இருக்கும். கன்ட்ரோல் சார்ட்டில் (சராசரிகளைப் புள்ளிகளாக வைத்து, தற்செயல் ஆட்டத்துக்கான எல்லைக் கோடுகளோடு வரையும் படம்) ஒரு புள்ளிகூட எல்லை தாண்டியிருக்காது. வாங்கியவர்களோ 488, 487 என்று எடை போட்டுப் படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

லைனுக்குப் போய், ஆபரேட்டர் மாதிரி எடுப்பதைப் பேசாமல் நின்று பாருங்கள். எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டால் விதிமுறைத் தாளில் உள்ளதைத்தான் சொல்வார். நான் அப்படி நின்று பார்த்த ஓர் இடத்தில் நடந்தது இது. மாதிரி நேரம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்துவார்கள். அது எப்போதும் முதல் நாஸில் வெளிவாய்ப் பக்கம் வந்த பிறகுதான் நிற்கும், அதன் அமைப்பே அப்படி. மறுபடி ஓட்டியதும் வந்து விழும் முதல் ஐந்து பாக்கெட்டை அள்ளிக்கொண்டு ஆபரேட்டர் தராசுக்குப் போவார். நாள் முழுக்க 1 முதல் 5 வரையான நாஸில்களுக்கு மட்டுமே சோதனை. 6, 7, 8 ஆகியவற்றின் பாக்கெட் ஒன்றுகூடத் தராசு ஏறியதில்லை. ஏழாவதன் வாயில் தூள் இறுகிப்போய், ஒவ்வொரு தடவையும் ஒரு கை குறைவாகப் போட்டுக்கொண்டிருந்தது.

நம் லைனில் இதை எண்ணாக்கிப் பார்ப்போம். ஏழு நாஸில் 503 போட, ஏழாவது மட்டும் 488 போடுகிறது என்றால் மொத்தச் சராசரி 501.1 கிராம். அச்சிட்ட அளவுக்கு மேல்தான். ஆனால் எட்டில் ஒரு பாக்கெட், அதாவது 12.5 சதவீதம், 500-க்கு வெகு கீழே போகிறது. சராசரியை மட்டும் கேட்டால் அது பொய் சொல்லாது, கேட்காததைச் சொல்லவும் செய்யாது.

இதே கோளாறு இன்னொரு வேஷத்திலும் வரும். 'ஒவ்வொரு 24-ஆவது பாக்கெட்டையும் எடு' என்று விதி எழுதியிருப்பார்கள். 24 என்பது எட்டின் மடங்கு. ஒரே நாஸிலின் பாக்கெட்தான் திரும்பத் திரும்ப வரும். இடைவெளி எண்ணுக்கும் நாஸில் எண்ணிக்கைக்கும் பொதுக் காரணி இருக்கக் கூடாது. 24-க்குப் பதில் 25 என்று மாற்றினால் போதும், மாதிரி தானாகவே எல்லா நாஸில்களையும் சுற்றி வரும்.

கண்டுபிடிக்கும் வழி: ஐந்து முழுச் சுற்று, மொத்தம் 40 பாக்கெட். ஒவ்வொன்றின் மேலும் நாஸில் எண்ணைப் பேனாவால் எழுதி எடை போடுங்கள். நாஸில்வாரியாகச் சராசரி எடுங்கள். ஐந்து பாக்கெட்டின் சராசரி தற்செயலாகவே ஆடும் அளவு 2-ஐ √5-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.9 கிராம். இரண்டு நாஸில்களை ஒப்பிடும்போது அந்த ஆட்டம் 1.3 ஆகும். அதனால் இரு நாஸில்களுக்கு நடுவே இரண்டரை கிராம் வரை வித்தியாசம் இருந்தால் அதன் மேல் கை வைக்காதீர்கள். 15 கிராம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்த நாஸிலைக் கழற்றுங்கள்.

நாஸில்கள் எல்லாம் சமமாக வந்துவிட்டால், மாதிரி எடுக்காத நேரங்களைப் பாருங்கள். உறைச் சுருள் மாற்றிய பிறகு, உணவு இடைவேளை முடிந்து ஓட்டிய பிறகு, ஹாப்பர் (இயந்திரத்தின் மேல் உள்ள தூள் தொட்டி) காலியாகி மறுபடி நிரப்பிய பிறகு வரும் முதல் இருபது முப்பது பாக்கெட்டுகளை யாரும் எடை போடுவதில்லை. 'இயந்திரம் செட் ஆகட்டும்' என்பார்கள். அந்தப் பாக்கெட்டுகள் பெட்டிக்குள் போய்விடுகின்றன என்பதை மறந்துவிடுவார்கள்.

## புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே கிடக்கின்றன

கன்ட்ரோல் சார்ட்டைப் பார்த்தால் கண்ணுக்கு அழகாக இருக்கும். எல்லைக் கோடுகள் எங்கோ தூரத்தில் இருக்கும், புள்ளிகள் நடுவில் ஒரு நூல் மாதிரி ஓடும். மேலாளர் பாராட்டுவார். நான் இதைப் பார்த்தால்தான் அதிகம் பயப்படுவேன். 15 புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டிலிருந்து ஒரு திட்டவிலக்கத்துக்குள்ளேயே கிடந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கைதான்.

வழக்கமான காரணம் முந்தைய கோளாற்றின் மறுபக்கம். யாரோ புத்திசாலித்தனமாக, ஒரு முழுச் சுற்றின் எட்டுப் பாக்கெட்டையும் ஒரே மாதிரிக் குழுவாக எடுக்கச் சொல்லியிருப்பார்கள். நாஸில்களுக்குள் நிலையான வித்தியாசம் இருக்கிறது, ஒன்று 497 போடுகிறது, இன்னொன்று 509 போடுகிறது என்று வையுங்கள். குழுவுக்குள் வீச்சு (பெரிய எடைக்கும் சின்ன எடைக்கும் உள்ள வித்தியாசம்) 12 கிராம் அளவில் வரும். எட்டுப் பாக்கெட் குழுவில் வீச்சைப் பெருக்கி எல்லை போடும் மாறிலி 0.373. எல்லை, சராசரிக்கு இருபுறமும் 4.5 கிராம். ஆனால் நாஸில் வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று மாறுவதில்லை. அதனால் குழுச் சராசரி உண்மையில் ஆடுவது 2-ஐ √8-ஆல் வகுத்த 0.7 கிராம்தான். நியாயமான எல்லை அதன் மூன்று மடங்கான 2.1 கிராமாக இருந்திருக்க வேண்டும். எல்லாமே 3 கிராம் இறங்கினாலும் இந்தச் சார்ட் வாய் திறக்காது.

வால்ட்டர் ஷூஹார்ட் 1924-இல் பெல் தொலைபேசிக் குழுமத்தைச் சேர்ந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் முதல் கன்ட்ரோல் சார்ட்டை வரைந்தபோதிலிருந்து இதன் அடிப்படை ஒன்றுதான்: குழுவுக்குள் தற்செயல் ஆட்டம் மட்டும் இருக்க வேண்டும், நீங்கள் பிடிக்க நினைக்கும் மாற்றம் குழுக்களுக்கு இடையில் தெரிய வேண்டும். நாஸில் வித்தியாசத்தைக் குழுவுக்குள் போட்டுப் பூட்டினால் அது எல்லையை விரித்துவிடும். ஒரு குழு ஒரே நாஸிலிலிருந்து வரட்டும், குழுவுக்குக் குழு நாஸிலை மாற்றுங்கள். அல்லது ஒவ்வொரு பாக்கெட்டின் எடையிலிருந்தும் அதன் நாஸிலின் வழக்கமான சராசரியைக் கழித்து, மீதியை மட்டும் வரையுங்கள்.

இரண்டாவது காரணம் சொல்லக் கொஞ்சம் சங்கடம். எடை போடாமலே எழுதியிருக்கலாம். கடைசி இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசில் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். 0, 2, 5 மட்டும் மண்டிக் கிடந்தால், ஒன்பது எங்கே என்று தேட வேண்டியிருந்தால், அந்த எண்கள் மனதிலிருந்து வந்தவை. ஆளைத் திட்டுவதற்கு முன் தராசு லைனிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நடந்து பாருங்கள். லைனை ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்டே அரை மணிக்கொரு முறை அவ்வளவு தூரம் போய் வர முடியாது என்பது பல சமயம் அப்போதே புரிந்துவிடும்.

## இரண்டு புள்ளிக்கு ஒன்று எல்லைக்கு வெளியே விழுகிறது

எல்லை தவறா, இயந்திரம் உண்மையிலேயே ஆடுகிறதா என்பதுதான் கேள்வி. முதலில் மாறிலி. ஐந்து பாக்கெட் குழுவுக்கு 0.577, நான்குக்கு 0.729. குழு அளவை ஐந்திலிருந்து நான்காக மாற்றிவிட்டு அட்டவணையை மாற்றாமல் விட்ட கோப்புகள் ஏராளம். அதேபோல் எல்லை என்றோ ஒரு நல்ல நாளில் போட்டதாக இருந்தால், இப்போதைய 20, 25 குழுக்களை வைத்துப் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் குழுவுக்குள் இருக்கும் எண்களைப் பாருங்கள். ஒரு குழு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 502.1, 502.4, 501.9, 502.3, 502.0. வீச்சு 0.5 கிராம்தான். நல்ல ஒற்றை நாஸில் இயந்திரத்தில் அடுத்தடுத்த பாக்கெட் இப்படித்தான் ஒட்டிப் பிறந்ததுபோல வரும். எல்லை இருபுறமும் 0.577 பெருக்கல் 0.5, அதாவது 0.29 கிராம். ஆனால் இருபது நிமிடத்துக்கொரு முறை சராசரி ஒன்றரை கிராம் ஏறி இறங்குகிறது. அப்போது எந்தப் புள்ளிதான் உள்ளே நிற்கும்?

அந்த இருபது நிமிடம் எங்கிருந்து வருகிறது என்பதை ஹாப்பர் பக்கத்தில் நின்றால் பார்க்கலாம். தூள் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். உணர்கருவி இருக்கும் இடத்துக்குக் கீழே போனதும் ஊட்டும் திருகு சத்தத்தோடு ஓடத் தொடங்கும். ஹாப்பர் நிறைந்ததும் மேலே இருக்கும் தூளின் பாரம் கீழே உள்ளதை அமுக்கும். அதே கன அளவில் கூடுதல் எடை போகும். மட்டம் இறங்க இறங்க எடையும் இறங்கும். ஒரு கடிகாரமும் நோட்டும் வைத்துக்கொண்டு, திருகு ஓடிய நேரத்தையும் பாக்கெட் எடையையும் ஒரு மணி நேரம் எழுதினால் போதும், இரண்டும் கைகோத்து நடப்பது தெரிந்துவிடும்.

திரவத்தில் இது இன்னும் கடுமை. தொட்டியிலிருந்து ஈர்ப்பு விசையால் இறங்கி, நேரம் வைத்து வால்வு மூடும் இயந்திரம் என்றால், பாயும் வேகம் திரவ மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மட்டம் 10 சதவீதம் இறங்கினால் ஓட்டம் சுமார் 5 சதவீதம் குறையும். 500-க்கு அது 25. மிதவை வால்வு ஒட்டிக்கொண்டால் சார்ட்டில் நடப்பது இதுதான்.

உண்மையான மருந்து, மட்டம் ஆடும் இடைவெளியைக் குறுக்குவது. உணர்கருவியின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் நெருக்கி வையுங்கள். திருகு அடிக்கடி ஓடும், கொஞ்சம் கொஞ்சமாகப் போடும். அப்படிச் செய்ய வழியில்லை, இந்த ஏற்ற இறக்கத்தோடு வாழ்ந்தாக வேண்டும் என்றால், குழுச் சராசரிகளையே தனி எண்களாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரு சராசரிகளின் வித்தியாசங்களைச் சராசரியாக்கி 2.66-ஆல் பெருக்கினால் எல்லை கிடைக்கும். மாதிரி நேரம் ஹாப்பர் சுழற்சியோடு பொருந்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக இருபது நிமிடத்துக்கொரு முறை எடுத்தால் எப்போதும் ஒரே மட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். வரைபடம் சமர்த்தாக இருக்கும், உண்மை வேறாக இருக்கும்.

## ஒன்று மேலே, ஒன்று கீழே: வாள்பல் போன்ற கோடு

ஏறினால் அடுத்தது இறங்குகிறது, இறங்கினால் அடுத்தது ஏறுகிறது. குமிழ் பக்கத்தில் விரல் ரேகை தேய்ந்திருக்கும்.

ஆபரேட்டர் ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் திருத்துகிறார். சராசரி 504 என்று வந்தால் ஒரு கிராம் குறைக்கிறார், 502 வந்தால் ஒரு கிராம் கூட்டுகிறார். பார்ப்பதற்குப் பொறுப்பான ஆள். ஆனால் இயந்திரம் 503-இல் அசையாமல் நின்றிருந்தால், ஐந்து பாக்கெட்டின் சராசரி 0.9 கிராம் அளவில் தானாகவே ஆடத்தான் செய்யும். அந்தத் தற்செயலை அவர் குமிழ் வழியாக இயந்திரத்துக்குள் ஊட்டிவிடுகிறார். இப்போது சராசரியில் இரண்டு ஆட்டம் சேர்கிறது. மாறுபாடு (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) இரட்டிப்பாகும், திட்டவிலக்கம் 0.9-இலிருந்து 1.26-க்குப் போகும். ஒரே ஒரு பாக்கெட்டைப் பார்த்துத் திருத்துகிற இடங்களில் பாக்கெட்டுகளின் திட்டவிலக்கமே 2-இலிருந்து 2.8 ஆகிவிடும். தர நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் வகுப்புகளில் புனலையும் கோலிக்குண்டையும் வைத்துக் காட்டியது இதைத்தான்: குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துப் புனலை நகர்த்தினால், சும்மா விட்டிருந்தால் சிதறியதைவிட அதிகமாகச் சிதறும்.

உறுதி செய்வது எளிது. ஒரு ஷிஃப்ட் முழுக்க, புள்ளி எல்லைக்குள் இருக்கும்வரை குமிழைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். மறுநாள் வழக்கம்போல. இரண்டு நாளின் சராசரிகளும் எவ்வளவு சிதறுகின்றன என்று ஒப்பிடுங்கள். தொடாத நாள் அமைதியாக இருந்தால் முடிவு தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு விதி இதுதான்: புள்ளி எல்லை தாண்டினால், அல்லது எட்டுப் புள்ளி தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், திருத்தலாம். திருத்திய இடத்தில் சார்ட்டில் ஓர் அம்புக்குறி போட வேண்டும். அந்த அம்புக்குறி இல்லாத சார்ட்டை ஒரு வாரம் கழித்து யாராலும் படிக்க முடியாது.

மனிதர் யாரும் தொடாமலே வாள்பல் வந்தால், செக்வெயர் (லைனிலேயே ஒவ்வொரு பாக்கெட்டையும் எடை போடும் கருவி) தானாகவே நிரப்பிக்குத் திருத்தம் அனுப்புகிறதா பாருங்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முழு வித்தியாசத்தையும் திருத்தும்படி அமைத்திருந்தால் அதுவும் அதே ஆபரேட்டர்தான். கொஞ்சம் வேகமானவர், அவ்வளவே. பத்து இருபது பாக்கெட்டின் சராசரியைப் பார்த்து, வித்தியாசத்தில் ஒரு பகுதியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.

## எண்கள் படிக்கட்டுபோல வருகின்றன

503, 503, 504, 503, 502. வீச்சுச் சார்ட்டில் 0, 1, 2 என்ற மூன்றே மதிப்பு. தராசு ஒரு கிராம் படியில் காட்டுகிறது, இயந்திரமோ அரை கிராம் அளவில் ஆடுகிறது. நுட்பமான தராசு வேண்டும், வேறு வழியில்லை. பாக்கெட்டுகள் சிதறும் மொத்த அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தராசின் ஒரு படி போகாமல் இருக்கட்டும். வாங்கும் வரை பத்துப் பாக்கெட்டைச் சேர்த்து எடை போட்டுப் பத்தால் வகுத்தால் சராசரியாவது ஒழுங்காகக் கிடைக்கும். சிதறல் கிடைக்காது.

## பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் ஒத்துப்போகவில்லை

வாக்குவாதத்துக்கு முன் பத்துப் பாக்கெட்டை எண் போட்டு எடுத்து வையுங்கள். அதே பத்தைப் பகல்காரர் தன் தராசில் எடை போடட்டும், இரவுக்காரரும் போடட்டும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் கழியுங்கள். வித்தியாசம் பத்திலும் 1.4 கிராம் அளவில், ஒரே திசையில் வந்தால் சண்டை தராசுகளுக்கு நடுவில்தான். வித்தியாசம் சுழியைச் சுற்றி வந்தால் மட்டுமே இயந்திரம் இரவில் வேறு மாதிரி ஓடுகிறதா என்று தேட வேண்டும்.

தராசுச் சண்டையில் அடிக்கடி மாட்டுவது டேர், அதாவது காலி உறையின் எடையைக் கழிப்பது. பகல்காரர் ஒரு காலி உறையைத் தட்டில் வைத்து டேர் அழுத்துவார். இரவுக்காரர் போன மாதம் எழுதி வைத்த உறை எடையைக் கழிப்பார். நடுவில் உறைச் சுருள் மாறி, படலம் கொஞ்சம் தடித்திருக்கும். கண்ணாடிப் பாட்டிலில் இது பெரிய தலைவலி. காலிப் பாட்டிலின் எடை 1.5 கிராம் திட்டவிலக்கத்தில் மாறுகிறது, உள்ளே போகும் பொருள் 1 கிராம் திட்டவிலக்கத்தில் மாறுகிறது என்றால், மொத்த எடை 1.8 கிராம் ஆடும். நிரப்பி மோசம் என்று நினைப்பீர்கள், ஆனால் ஆட்டத்தில் பெரும் பங்கு பாட்டிலுடையது. இருபத்தைந்து காலிப் பாட்டிலை எண் போட்டு எடை எழுதி, லைனில் விட்டு, நிரம்பி வந்ததும் மறுபடி எடை போட்டுக் கழித்தால் யாருடைய ஆட்டம் எவ்வளவு என்று பிரிந்துவிடும்.

மின்விசிறியோ குளிரூட்டியின் காற்றோ தட்டின் மேல் படுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடைசி இலக்கம் நிலைகொள்ளாமல் துடித்தால், ஒருவர் பெரிய எண் வரும்போது எழுதுவார், இன்னொருவர் சின்ன எண் வரும்போது.

## நம் சோதனையில் தேறியது, வெளிச் சோதனையில் தோற்றது

இதில் பாதிக் குழப்பம், இரண்டும் ஒரே கேள்வி என்று நினைப்பதால் வருகிறது. அரை மணிக்கு ஐந்து பாக்கெட் என்பது 'இயந்திரம் மாறிவிட்டதா' என்று கேட்கிறது. அளவியல் அதிகாரி வந்து எடுப்பது 'இந்தக் குவியல் சட்டப்படி சரியா' என்று கேட்கிறது. சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் 87-ஆம் பரிந்துரை, 2004 பதிப்பில் (2016-இல் புதிய பதிப்பு வந்துவிட்டது), இப்படிப் போனது. குவியலில் 100 முதல் 500 பாக்கெட் இருந்தால் 50 மாதிரி, 3200 வரை 80, அதற்கு மேல் 125. 500 கிராமுக்கு அனுமதிக்கப்பட்ட குறைவு 3 சதவீதம், 15 கிராம். 485-க்குக் கீழே போகும் பாக்கெட் அந்த மாதிரிகளில் முறையே 3, 5, 7 வரை இருக்கலாம். 470-க்குக் கீழே ஒன்றுகூடக் கூடாது. சராசரிக்கும் தனிச் சோதனை உண்டு. உங்கள் நாட்டின் விதியில் எண்கள் மாறலாம், அதை ஒரு முறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

சராசரிச் சோதனையில் மாதிரிப் பிழைக்காக ஒரு சலுகை உண்டு. 125 மாதிரியில் திட்டவிலக்கத்தை 0.234-ஆல் பெருக்கிச் சராசரியோடு கூட்டலாம். சராசரி 499.4, திட்டவிலக்கம் 5 என்றால் 499.4 + 1.17 = 500.57, தேறிவிடும். அதனால் சராசரியில் ஒருவர் தோற்றால், அது கொஞ்சநஞ்சக் குறைவில்லை.

அப்படியானால் நம் சோதனை ஏன் சொல்லவில்லை? ஐந்து பாக்கெட்டுக்கு அந்தக் கண் கிடையாது. குவியலில் 2.5 சதவீதம் மோசமாக இருந்தாலும் ஐந்தில் ஒன்றுகூட மாட்டாமல் போக 88 சதவீத வாய்ப்பு. இருபது எடுத்தாலும் 60 சதவீதம். 125 எடுத்தால்தான் 4 சதவீதமாக இறங்கும். கையோடு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இத்தனை பார்த்தேன், ஒன்றும் மோசமில்லை என்றால், 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுவரை மோசம் இருக்கக்கூடும். நூறு பார்த்து ஒன்றும் இல்லை என்றால் மூன்று சதவீதம் வரை ஒளிந்திருக்கலாம்.

இயந்திர மாற்றத்தைப் பிடிப்பதிலும் ஐந்துக்கு எல்லை உண்டு. சராசரி ஒரு திட்டவிலக்கம் நகர்ந்தால், எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி விழ நான்கைந்து மாதிரி பிடிக்கும். அரை மணிக்கொன்று என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அரைத் திட்டவிலக்கம் நகர்ந்தால் முப்பதுக்கு மேல் மாதிரி, அதற்குள் இரண்டு ஷிஃப்ட் போய்விடும். 'எட்டுப் புள்ளி ஒரே பக்கம்' என்ற விதியைச் சேர்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

எண்ணெல்லாம் பொருந்தியும் தோற்றால் உலர்வைப் பாருங்கள். சோப்பு, மாவு மாதிரியானவை கிடங்கில் ஈரம் இழக்கும். நிரப்பிய அன்று எடை போட்ட இருபது பாக்கெட்டை எண் போட்டுக் கிடங்கில் விட்டு, வாரத்துக்கொரு முறை எடை போடுங்கள்.

## எடை சரி, ஆனால் பாட்டிலில் மட்டம் குறைவு

உறையில் மில்லிலிட்டர், தராசில் கிராம். நடுவில் அடர்த்தி. ஆய்வகத்தில் நுரை அடங்கிய திரவத்துக்கு 1.02 என்று அளந்திருப்பார்கள். தொட்டியில் கலக்கும்போது காற்றுக் குமிழ் ஏறி 0.98 ஆகியிருக்கும். கன அளவில் நிரப்பும் இயந்திரம் 500 மில்லிலிட்டர் போட்டால் உள்ளே போவது 490 கிராம். காற்று வெளியேறிய பிறகு அது 480 மில்லிலிட்டர். தராசுப் பட்டியலில் 0.98-ஐ வைத்து இலக்கையே 490 என்று எழுதியிருந்தால் எடை 'சரி' என்றே வரும், கடையில் பாட்டில் பாதி ஏமாந்த மாதிரி நிற்கும். அடர்த்தியை நுரை அடங்கிய மாதிரியில், விதி சொல்லும் வெப்பநிலையில், ஒவ்வொரு பேட்சுக்கும் அளந்துவிடுங்கள்.

## எதிலும் தோற்கவில்லை, ஆனால் பொருள் அதிகமாகச் செலவாகிறது

இது கோளாறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கணக்குப் பிரிவு மட்டும் கேட்கும். இலக்கு 506, திட்டவிலக்கம் 3 என்றால் பத்தாயிரம் பாக்கெட்டுக்கு 60 கிலோ இனாம். மேலே சொன்ன 15 கிராம் குறைவு விதிப்படி, 485-க்குக் கீழே 2.5 சதவீதத்துக்கு மேல் போகாமலிருக்கச் சராசரி 485 + 1.96 மடங்கு திட்டவிலக்கம் இருந்தால் போதும். திட்டவிலக்கம் 9 என்றால் அது 502.6. 7 என்றால் 498.7, ஆனால் சராசரி 500-க்குக் கீழே போகக் கூடாது என்பதால் 500தான். அதாவது திட்டவிலக்கம் 7.65-க்குக் கீழே இறங்கிய பிறகு, தனிப் பாக்கெட் விதி உங்களைக் கட்டுவதில்லை. சராசரி எவ்வளவு அலைகிறது என்பதற்கு மட்டும் ஒரு சின்ன இடைவெளி விட்டால் போதும். அலைச்சலைக் குறைத்த பிறகே இலக்கை இறக்குங்கள், அதுவும் ஒரு தடவைக்கு அரை கிராம்.

மாதிரியைச் செக்வெயருக்கு முன்னால் எடுக்கிறீர்களா, பின்னால் எடுக்கிறீர்களா என்றும் பாருங்கள். பின்னால் எடுத்தால் குறைந்தவை ஏற்கெனவே தள்ளப்பட்டிருக்கும். மீதியின் திட்டவிலக்கம் இயந்திரத்தினுடையது ஆகாது.

## ஒரே ஒரு புள்ளி வெளியே, மறுபடி எடுத்தால் உள்ளே

பழக்கப்பட்ட கை உடனே இன்னொரு ஐந்தை எடுக்கும். அது உள்ளே வந்தால் முதல் எண்ணை அடித்துவிடும். அடிக்க விடாதீர்கள். எல்லாம் சரியாக ஓடும்போது தற்செயலாகப் புள்ளி வெளியே விழுவது சுமார் 370-க்கு ஒரு தடவைதான், அதனால் விழுந்த புள்ளிக்கு முதலில் காரணம் தேட வேண்டும். இரண்டு எண்ணும் நோட்டில் இருக்கட்டும், பக்கத்தில் நேரம் இருக்கட்டும், வெளியே வந்த ஐந்து பாக்கெட்டையும் நாஸில் எண்ணோடு ஒரு தட்டில் தனியே வையுங்கள். ஐந்தில் ஒன்று மட்டும் விலகியிருந்தால் தராசு, உறை, நாஸில் என்ற வரிசையில் பாருங்கள். ஐந்துமே சேர்ந்து நகர்ந்திருந்தால் ஹாப்பர், அடர்த்தி, குமிழ். அப்புறம் கடைசியாக எல்லைக்குள் வந்த மாதிரியின் நேரத்தைப் பாருங்கள். அந்த நேரத்துக்கும் இப்போதைக்கும் நடுவில் ஓடிய பெட்டிகள் எல்லாம் லைன் ஓரத்தில் நிற்க வேண்டும். ஏற்கெனவே வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்றால், மாதிரி இடைவெளியை அரை மணியிலிருந்து கால் மணியாக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.